மெமரியும் ட்ரே கணக்குதான்

சேலம், நாமக்கல் பக்கம் லாரி ஆபீஸ், ஜவ்வரிசி மில், கல்லூரி லேப் என்று சர்வர் பார்த்துக் கொடுப்பது என் பிழைப்பு. நாலைந்து பழைய கம்ப்யூட்டர் செய்த வேலையை ஒரே சர்வரில் வி.எம்.களாக, அதாவது மெய்நிகர் கம்ப்யூட்டர்களாகப் பிரித்துப் போடுவோம். புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகள் ப்ராசஸரையும் டிஸ்க்கையும் பற்றித் துருவித் துருவிக் கேட்பார்கள். மெமரிக்கு மட்டும் மனசில் பட்ட எண்ணைப் போட்டுவிடுவார்கள். பாதித் தொல்லை அங்கேதான் தொடங்கும்.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த அண்ணன் கீபோர்டைத் தொடுமுன் காகிதம் எடுப்பார். முதல் வரி ஹோஸ்டுக்கு, அதாவது வி.எம்.களைத் தாங்கும் சர்வருக்கு. 64 ஜி.பி. இருந்தால் 48-ஐத்தான் பங்கு வைப்பார். "ஹோஸ்ட் மூச்சு விடோணும் தம்பி" என்பார். வி.எம்.முக்குக் கொடுத்த அளவு போக, அதை ஓட்டுகிற க்யூஎம்யூ மென்பொருளுக்கும் தனியாகக் கொஞ்சம் வேண்டும்.

அடுத்து அலகு. வி.எம்.மின் அமைப்பை எழுதும் லிப்வர்ட் ஃபைலில் அலகு போடாத எண்ணை அது கிலோபைட்டாகவே எடுத்துக்கொள்ளும். ஒரு பையன் 4 ஜி.பி. என்று நினைத்து வெறும் 4096 எழுதிவிட்டு, ஓ.எஸ். ஏன் எழும்பவில்லை என்று மதியம் வரை டிஸ்க்கைச் சோதித்துக்கொண்டிருந்தான். கிடைத்தது 4 எம்.பி.தான். எழுத வேண்டியது 41,94,304.

மூன்றாவது, மடங்கு. ஹைப்பர்-வி 2 எம்.பி.யின் மடங்கு கேட்கும், வி.எம்.வேர் 4-இன் மடங்கு கேட்கும். 5,001 போட்டால் இரண்டும் ஏற்காது. லினக்ஸின் கே.வி.எம்.மில் ஹியூஜ்பேஜ், அதாவது பெரிய மெமரி பேஜ் போடும்போது இன்னும் கவனம் தேவை. நம்மூர் முட்டை ட்ரேயில் 30 பிடிக்கும். 31-வது முட்டைக்கு இன்னொரு ட்ரே எடுத்தே ஆகவேண்டும். மெமரியும் அப்படித்தான், பேஜ் பேஜாகத்தான் போகும். 4 கே.பி. பேஜ் 512 சேர்ந்தது ஒரு 2 எம்.பி. பேஜ். அது தொடங்கும் முகவரியும் 2 எம்.பி.யால் மீதியில்லாமல் வகுபட வேண்டும். 1 ஜி.பி. பேஜில் 5,000 எம்.பி. வி.எம். வைத்தால் ஐந்து பேஜ் போகும், 120 எம்.பி. வீண். 5,120 என்றே கொடுத்துவிடுங்கள்.

ஒரு லேபில் ஹியூஜ்பேஜ் 48 ஜி.பி. சும்மா இருந்தும் 30 ஜி.பி. வி.எம். எழவில்லை. இரண்டு சாக்கெட் சர்வர் அது, ஒவ்வொரு சாக்கெட்டும் அதன் மெமரியும் ஒரு நோடு. 2 எம்.பி. பேஜ் 24,576-உம் நோடுக்கு 12,288 என்று பிரிந்திருந்தன, வி.எம்.மையோ ஒரே நோடில் கட்டிப்போட்டிருந்தார்கள். ஒரு நோடில் இருந்ததே 24 ஜி.பி.தான். மொத்தத்தை மட்டும் பார்த்தால் இது பிடிபடாது. நோடு வாரியாகப் பார்க்க வேண்டும்.

ஹியூஜ்பேஜை பூட் ஆகும்போதே ஒதுக்கிவிடுங்கள். சர்வர் சில நாள் ஓடிவிட்டால் மெமரி துண்டு துண்டாகிவிடும். ஆயிரம் பேஜ் கேட்டால் அறுநூறுதான் வரும். ஓடுகிற லினக்ஸ் வி.எம்.முக்கு மெமரி கூட்டுவதானால் 100 எம்.பி. என்று போகாதீர்கள், பொதுவாக 128-இன் மடங்காகத்தான் அது சேர்த்துக்கொள்ளும்.

சர்வர் ஓடும்போது கையால் ஒதுக்கிய பேஜ் ரீபூட்டில் போய்விடும். மின்வாரியத்தின் மாதாந்திரப் பராமரிப்பு நாள் வந்துதான் இது தெரியவேண்டும் என்றில்லை. வேலை முடிந்த அன்றே, பார்ட்டி பக்கத்தில் இருக்கும்போதே, சர்வரை முழுசாக அணைத்துப் போட்டு எல்லா வி.எம்.மும் தானாக எழுகிறதா என்று பாருங்கள். அதற்கப்புறம் பில் போடுங்கள்.