கட்டம் யாருடையது

ஒரகடம், வல்லம், சுங்குவார்சத்திரம் பக்கம் வாடகை அறைகளில் தங்கி ஆலைகளில் வேலை செய்கிற ஒன்பது பேரின் கவிதைகளைச் சிறு தொகுப்பாகக் கொண்டுவர நாங்கள் நாலு பேர் முனைந்தோம். இருந்த பணம் அச்சகத்துக்கே போதாது. அட்டைக்கு ஓவியரைத் தேடிப் போவது சாத்தியமில்லை. கைலிக் கட்டத்தையே அட்டையாகப் போட்டுவிடலாம் என்று முடிவாயிற்று. ஷிப்டு முடிந்து அறைக்கு வந்து கம்பெனிச் சட்டையைக் கழற்றியதும் திருவண்ணாமலைக்காரனும் ஒடிசாக்காரனும் பீகார்க்காரனும் உடுத்திக்கொள்வது கட்டம் போட்ட கைலியைத்தான். இந்தச் சாலையோரத்து மொட்டைமாடிக் கொடிகளில் ஞாயிற்றுக்கிழமை காயும் துணிகளைப் பார்த்தவர்களுக்கு நான் மேற்கொண்டு சொல்ல வேண்டியதில்லை. படம் தேடும் பொறுப்பு என்னிடம் வந்தது. ஒரே நிபந்தனை, படத்துக்கு யாரும் உரிமை கொண்டாடக் கூடாது.

கட்டத்துக்கு உரிமையாளர் எப்படி இருக்க முடியும் என்பதுதான் முதலில் எனக்குத் தோன்றியது. குறுக்கும் நெடுக்கும் கோடுகள். பாவில் நாலு நிறம், ஊடையில் நாலு நிறம். ஆனால் கணினித் திரையில் அகப்பட்ட ஒவ்வொரு படத்தின் மேலும் யாரோ ஒருவருடைய முத்திரை குறுக்கே ஓடியது. 'மதராஸ் கட்டம்' என்று தேடினால் அமெரிக்கச் சட்டைக் கடைகள் வந்தன. விடாமல் தேடினால் ஸ்காட்லாந்து வந்தது.

ஸ்காட்லாந்துக்காரர்கள் தங்கள் கட்டங்களுக்கு அரசுப் பதிவேடு வைத்திருக்கிறார்கள். 2008இல் அவர்களுடைய பாராளுமன்றம் டார்ட்டன் பதிவேட்டுக்கென்றே சட்டம் இயற்றியது. 2009 பிப்ரவரியில் பதிவேடு நடைமுறைக்கு வந்தது. குலங்களுக்குக் கட்டம், படைப்பிரிவுகளுக்குக் கட்டம், பிரதேசங்களுக்குக் கட்டம் எல்லாம் அதில் உண்டு. பிரதேசக் கட்டங்களில் கனடாவின் நோவா ஸ்கோஷியா முன்னோடி. 1953இல் ஆடு வளர்ப்போர் கண்காட்சி ஒன்றுக்காக பெஸ்ஸி மர்ரே என்ற நெசவுக்காரப் பெண்மணி செய்த தொங்கலில் இருந்த இடையனின் பாவாடைக்காகப் போட்ட கட்டம் அது. 1956இல் எடின்பரோவின் விருதுச் சின்ன நீதிமன்றத்தில் பதிவாகி, அந்த மாகாணத்தின் அதிகாரபூர்வச் சின்னமாயிற்று. நமக்கு மரகதப்புறா உண்டு, செங்காந்தள் உண்டு, பனை உண்டு, வரையாடு உண்டு, 2019 முதல் பட்டாம்பூச்சியும் உண்டு. உலகம் முழுவதும் சென்னையின் பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுகிற கட்டத்துக்கு மட்டும் அரசாங்கச் சின்னங்களில் இடமில்லை.

அந்தப் பதிவேட்டில் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறொன்று. அங்குள்ள படங்களை அப்படியே எடுத்துப் போட முடியாது. அவற்றுக்குக் காப்புரிமை உண்டு. ஆனால் டார்ட்டனின் உயிர் படத்தில் இல்லை, இழைக்கணக்கில் இருக்கிறது. நீலம் இத்தனை இழை, பச்சை இத்தனை இழை, நடுவில் வெள்ளை இத்தனை, அங்கிருந்து திருப்பி அதே வரிசை. பாவில் எந்த வரிசையோ ஊடையிலும் அதே வரிசை. மூன்று நிறம் போட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து கண்ணுக்கு ஆறு நிறம் தெரியும். கணக்குத் தெரிந்தவன் படத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை, தானே வரைந்துகொள்ளலாம். நெசவாளர் வீட்டில் பிறந்த எனக்கு இதைக் கற்க ஸ்காட்லாந்து போய்வர வேண்டியிருந்தது என்பது ஒரு வேடிக்கை.

டார்ட்டனின் புராதனத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். 1746இன் சட்டம் மலைநாட்டு உடையைத் தடை செய்தது. 1782 வரை தடை நீடித்தது. ராணுவத்துக்கு மட்டும் விலக்கு. பிறகு 1822இல் நாலாம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோ வந்தபோது எல்லோருக்கும் அவசரமாகக் குலக் கட்டம் தேவைப்பட்டது. பானக்பர்னில் இருந்த வில்சன் என்ற நெசவுக் கம்பெனியிடம் 1819இலேயே மாதிரிகளின் கணக்குப் புத்தகம் தயாராக இருந்தது. 1842இல் இரண்டு சகோதரர்கள், பழைய சுவடியிலிருந்து எடுத்ததாகச் சொல்லி, குலக் கட்டங்களின் புத்தகம் ஒன்றை வெளியிட்டார்கள். அந்தச் சுவடி போலி என்பது ஆய்வாளர் பலருடைய முடிவு. 1983இல் வெளியான கட்டுரையொன்றில் ஹ்யூ ட்ரெவர்ரோப்பர் இந்த விவகாரத்தை விரிவாகப் பிட்டு வைத்தார். ஆக, பழமை என்று பதிவாகியிருப்பதில் கணிசமான பகுதி வியாபாரம். இதைச் சொல்லி அவர்களைக் கேலி செய்வது என் நோக்கமில்லை. வியாபாரத்தில் பிறந்த கட்டத்துக்கும் பெயர் சூட்டி, கணக்கு எழுதி, பத்திரப்படுத்தியிருக்கிறார்கள்.

ஸ்காட்லாந்துச் சிப்பாய்களைப் பார்த்துத்தான் நம் நெசவாளர்கள் கட்டம் போடக் கற்றுக்கொண்டார்கள் என்று ஒரு கதை திரும்பத் திரும்ப எழுதப்படுகிறது. சிப்பாய்கள் வந்தது உண்மை. 73ஆம் ஹைலேண்டு படைப்பிரிவு 1780இல் சென்னையில் வந்திறங்கியது. அதே ஆண்டு செப்டம்பர் 10ஆம் தேதி காஞ்சிபுரத்துக்கு அருகே புள்ளலூரில் ஹைதரும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை நொறுக்கியபோது அந்தப் பிரிவின் வீரர்களும் அதில் சிக்கினார்கள். அவர்களை நடத்தி வந்த டேவிட் பேர்ட் 1784 வரை ஸ்ரீரங்கப்பட்டணத்தில் சிறையிருந்தார். அவர்கள் இங்கே செத்துக்கொண்டிருந்த அந்த வருஷம் அவர்களுடைய ஊரில் சாதாரணக் குடியானவன் டார்ட்டன் உடுத்தினால் குற்றம். ஆனால் கோரமண்டலக் கரைத் துணியைக் கம்பெனி கப்பலேற்றத் தொடங்கியது அதற்கு நூறாண்டுக்கும் முன்னால். கற்றுக்கொடுத்த கதை வாங்கினவன் எழுதியது. நெய்தவன் ஒன்றும் எழுதி வைக்கவில்லை.

அந்தத் துணி போன இடங்களைப் பார்த்தால் பிரமிப்பாக இருக்கிறது. கரீபியத் தீவுகளில் கறுப்பினப் பெண்களின் தலைக்கட்டாயிற்று. மார்ட்டினிக், குவாடலூப், டொமினிகா என்று அது இன்று பாரம்பரிய உடை. அடிமை வியாபாரத்தின் கப்பல்களில் மனிதனுக்கு ஈடாக அளந்து கொடுக்கப்பட்ட சரக்குகளில் இந்தியத் துணியும் ஒன்று என்பதை மறந்து இதைப் பெருமையாகப் பேச முடியாது. நைஜர் கழிமுகத்தில் வாழும் கலபாரி மக்கள் இந்தத் துணியை இஞ்சிரி என்கிறார்கள். பக்கத்து இக்போ மக்களிடம் சென்னையிலிருந்து போன துணிக்கு ஜார்ஜ் என்று பெயர், கோட்டையின் பெயர். கலபாரிப் பெண்கள் ஒரு காரியம் செய்கிறார்கள். நெய்து வந்த கட்டத்துணியில் சில இழைகளைப் பிளேடால் அறுத்து உருவி எடுத்துவிடுகிறார்கள். மிஞ்சுவது புதிய உருவம். அதற்குப் பெலெட்டே பிட்டே என்று தனிப் பெயர், ஈமச் சடங்குகளில் தனி இடம். ஒரு இழைகூடச் சேர்க்காமல், எடுத்து மட்டுமே, அடுத்தவன் கட்டத்தைத் தன்னுடையதாக்கிக்கொள்வது. உரிமை பற்றிய எந்தச் சட்டப் புத்தகத்தையும்விட இது எனக்குத் தெளிவாகப் பேசுகிறது.

சட்டப் புத்தகத்தையும் பார்த்தேன். 1957ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவு விசித்திரமானது. டிசைன் சட்டப்படி பதிவு செய்யக்கூடிய ஒரு வடிவத்தைப் பதிவு செய்யாமல் விட்டு, உரிமையாளரோ அவர் அனுமதி பெற்றவரோ அதைத் தொழில்முறையில் 50 தடவைக்கு மேல் பொருள்களில் எடுத்துவிட்டால், காப்புரிமை தீர்ந்தது. பதிவு செய்தாலும் 10 வருஷம், நீட்டித்தால் இன்னும் 5. கவிதைக்குக் கவிஞன் ஆயுளும் மேலே 60 வருஷமும். காஞ்சிபுரம் பட்டு பெற்றிருக்கும் புவிசார் குறியீடு காப்பாற்றுவது பெயரை. முத்துக்கட்டத்தையோ பாலும் பழமும் கட்டத்தையோ முதலில் கோத்த விரல்களுக்கு அதில் பங்கில்லை.

இதை வாசித்தபோது நான் வேலை பார்க்கும் இடம் ஞாபகம் வந்தது. உதிரிபாகம் செய்யும் ஆலை ஒன்றில் வரைபடங்களைக் காக்கும் பிரிவில் இருக்கிறேன். ஒரு போல்டின் தலை எத்தனை மில்லிமீட்டர் என்பதுகூட அங்கே ரகசியம். ஒவ்வொரு தாளின் ஓரத்திலும் இது கம்பெனியின் சொத்து என்ற முத்திரை. வரைந்தவர், சரிபார்த்தவர், ஒப்புதல் தந்தவர் என்று மூன்று கையெழுத்து. அந்தப் போல்டை ஒரு ஷிப்டில் ஆயிரக்கணக்கில் இறுக்குகிறவனுக்கு எந்தக் கட்டத்திலும் கையெழுத்து இல்லை. எங்கள் தெருவில் தறிச்சத்தம் குறைந்துபோனதும் இந்த ஆலைகளுக்குக் கம்பெனி பஸ் வந்து நின்றதும் அடுத்தடுத்து நடந்தவை. தறிக்குழியிலிருந்து எழுந்து போனவர்களின் பிள்ளைகள் நாங்கள். பெயரில்லாமல் செய்வது எங்களுக்குப் பழக்கமான தொழில்.

உரிமைக் காலம் முடிந்த படம் கடைசியில் கிடைக்கத்தான் செய்தது. 1866இல் ஜான் ஃபோர்ப்ஸ் வாட்சன் தொகுத்த இந்தியத் துணி மாதிரிகள், 18 தொகுதி, 700 துண்டுகள். 20 பிரதிகள் செய்து 13ஐ பிரிட்டனில் வைத்துக்கொண்டு 7ஐ இந்தியாவுக்கு அனுப்பினார்கள். அச்சிட்ட படம் இல்லை, நிஜத் துணியையே வெட்டி ஒட்டியது. இந்தியர்கள் எதை உடுத்துகிறார்கள் என்று பிரிட்டனின் ஆலைக்காரர்கள் தெரிந்துகொண்டு அதே மாதிரி செய்து இங்கே விற்பதற்கான ஏற்பாடு. நீளம், அகலம், எடை, விலை, ஊர் எல்லாம் குறித்திருக்கிறார்கள். நெய்தவர் பெயர் மட்டும் கிடையாது. தாராளமாக எடுத்துக்கொள்ளலாம், யாரும் கேட்கமாட்டார்கள். அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. உரிமை இல்லாத படம் என்று நான் தேடியது, உரிமை கேட்க முடியாமல் போனவர்களின் துணியில் வந்து முடிந்திருந்தது. நண்பர்கள் இதையே போட்டுவிடலாம் என்றார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை.

பிள்ளையார்பாளையத்தில் பெரியப்பா இருக்கிறார். வாலிபத்தில் லுங்கி நெய்து, பிறகு பட்டுக்குப் போனவர். கைலிக் கட்டம் ஒன்றுக்குக் கணக்கு வேண்டும் என்று கேட்டேன். யோசிக்கவே இல்லை. விரலை மடக்கிக்கொண்டே சொன்னார்.

"நீலம் 24, வெள்ளை 2, நீலம் 6, வெள்ளை 2, மஞ்சள் 12. அவ்ளோதான். அப்புறம் மறுபடி நீலத்துல ஆரம்பி. ஊடையில மஞ்சளுக்குப் பதிலா செவப்பு போடணும், இல்லன்னா கட்டம் செத்துப் போயிடும்."

46 இழை. கண்ணாடியில் பார்த்ததுபோல் திருப்பிப் போடுவது இதில் இல்லை. பாவும் ஊடையும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. அன்றிரவே கணினியில் கோடு கோடாக வரைந்தேன். ஊடையில் சிவப்பு மஞ்சளோடு சேருகிற இடத்தில் ஒரு செங்காவி பிறந்தது. அதைக் கணக்கில் எங்கும் காணோம்.

"ஒங்க பேரு போடலாமா பெரியப்பா?"

"எம்பேரு எதுக்குடா? எங்கப்பா சொன்ன கணக்கு. அவருக்கு யாரு சொன்னாங்களோ."

இதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டு நகர்வது எளிது. சிறுபத்திரிகைக்காரர்களான நமக்குப் பெயரற்ற கலைஞன் என்றால் ஒரு மயக்கம் உண்டு. கோயில் சிற்பியைச் சொல்லி ஆனந்தப்படுவோம், அடுத்த பக்கத்தில் நம் பெயர் கொட்டை எழுத்தில் இருக்கும். பெரியப்பா பெயர் வேண்டாம் என்றது தனக்கு முன்னால் இருந்தவர்களுக்குக் கொடுத்த மரியாதை. 700 துண்டுகளில் பெயர் இல்லாதது வேறு விஷயம். அங்கே யாரும் கேட்கவில்லை. இரண்டும் அச்சில் ஒரே மாதிரி வெறுமையாகத்தான் தெரியும்.

தொகுப்புக்கு இந்தக் கேள்வி வேறொரு விதத்தில் வந்து சேர்ந்தது. ஒன்பது பேரில் மூன்று பேர் தங்கள் பெயரைப் போட வேண்டாம் என்றார்கள். மூன்று பேரும் ஒப்பந்தத் தொழிலாளர்கள். ஒருத்தி விடுதியில் இருக்கிறவள். கவிதையில் கம்பெனியின் பெயர் இல்லை, வசை இல்லை, இரவு ஷிப்டில் வரும் கனவு ஒன்றுதான் இருந்தது. ஆனாலும் வேண்டாம் என்றாள். புனைபெயராவது வைத்துக்கொள்ளலாம் என்றோம். அதையும் கண்டுபிடித்துவிடுவார்கள் என்றாள். அந்த மூன்று கவிதைகளின் அடியில் இடத்தைக் காலியாக விட்டோம். இது பெரியப்பா விட்ட இடமும் இல்லை, வாட்சன் விட்ட இடமும் இல்லை. பயத்தில் விட்ட இடம்.

பின்னட்டையின் உள்பக்கம் கட்டத்தின் கணக்கு முழுவதையும் அச்சிட்டோம், பாவும் ஊடையும் தனித்தனியாக. கீழே, பிள்ளையார்பாளையத்தில் கேட்டு எழுதியது, யார் வேண்டுமானாலும் நெய்யலாம் என்று ஒரு வரி. கவிதைகளின் உரிமை அவரவர்க்கு என்று இரண்டாம் பக்கத்தில் போட்டோம். பெயர் இல்லாதவர்களுக்கு எப்படி உரிமை என்று அச்சகத்தில் கேட்டார்கள். சட்டத்தின் 23ஆம் பிரிவைச் சொன்னேன். ஆசிரியர் பெயரில்லாமல் வெளியான படைப்புக்கும் வெளியான ஆண்டிலிருந்து 60 வருஷம் உரிமை உண்டு. அதற்குள் ஆசிரியர் தன்னை வெளிப்படுத்திக்கொண்டால் அவருடைய ஆயுளும் அதற்குப் பின் 60 வருஷமும். இதை அந்தப் பெண்ணிடமும் சொன்னேன். என்றைக்காவது நானே எழுதினேன் என்று சொல்லிக்கொள்ளலாமா என்று இரண்டு தடவை கேட்டாள். சொல்லிக்கொள்ளலாம் என்றேன். அவளுக்குக் கொடுத்த பிரதியில் அந்தக் காலியிடத்தில் பென்சிலால் தன் பெயரை எழுதி வைத்திருக்கிறாள் என்று அறைத்தோழி பிறகு சொன்னாள்.