"தெரியாது" என்று எப்படிச் சொல்வது?

ஜப்பான் மொழி படிக்கிற தம்பி, தங்கச்சிமாருக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுமையாக வாசியுங்கள்.

பாடசாலை விட்ட பிறகு நாங்கள் சிலர் சேர்ந்து ஜப்பான் மொழி படிக்கிறோம். ஆசிரியர்கள் ரெண்டு மூன்று பேர். மற்றவர்கள் அங்கே முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போக ஆயத்தமாகும் பிள்ளைகள். 2019இல் ஜப்பான் தொடங்கிய விசேட திறன் விசாவுக்கு என்4 தரமோ அதற்கு ஈடான பரீட்சையோ வேண்டும். பராமரிப்புத் துறைக்கு வேறாக ஒரு மொழிப் பரீட்சையும் உண்டு. எழுத்தைப் பாடமாக்கலாம். ஒரே மாதிரியான சொற்கள்தான் ஆளைக் குழப்புபவை.

"ஷிரிமசென்", "வக்காரிமசென்" இரண்டையும் பாருங்கள். தமிழில் இரண்டுக்குமே "தெரியாது" என்றுதான் எழுதி வைத்திருப்போம். முதலாவது, அந்தத் தகவல் என்னிடம் இல்லை என்பது. இரண்டாவது, எனக்கு விளங்கவில்லை, இன்னும் தெளிவில்லை என்பது. ஒருவருடைய போன் நம்பர் தெரியுமா என்றால் "ஷிரிமசென்" சரி. ஞாயிற்றுக்கிழமை என்ன செய்வீர்கள் என்றால் "மதா வக்காரிமசென்", இன்னும் தெரியவில்லை. நாம் இரண்டு இடத்திலும் "தெரியாது" என்றே சொல்லிப் பழகியவர்கள். சிக்கல் அங்கேதான்.

முதியோர் இல்லத்தில் ஒரு மூதாட்டி, "மகன் எப்ப வருவார்?" என்று கேட்கிறார் என்று வையுங்கள். "ஷிரிமசென்" என்று வெட்டிச் சொன்னால், "எனக்கென்ன?" என்றது போலக் கேட்கும். "சுமிமசென், வக்காரிமசென். கீத்தே கிமஸ்" என்றால், "மன்னியுங்கள், தெரியவில்லை, கேட்டுக்கொண்டு வாறேன்" என்று அர்த்தம். இரண்டிலும் பதில் ஒன்றுதான். ஆனால் பிள்ளையைக் காத்திருக்கிற மனசுக்கு இரண்டும் ஒன்றல்ல.

பொறுப்பாளர் வேலையை விளக்கினால் "வக்காரிமஷித்தா", விளங்கிவிட்டது. அங்கே "ஷித்தே இமஸ்" என்றால், "அதெல்லாம் எனக்கு முந்தியே தெரியும்" என்றாகிவிடும். அதைவிட ஆபத்து, விளங்காமலே "வக்காரிமஷித்தா" சொல்வது. மருந்து கொடுக்கிற இடத்தில் அது ஓர் உயிரோடு விளையாடுவது.

வகுப்பில் "விளங்கல்ல டீச்சர்" என்று கையுயர்த்துகிற பிள்ளையை நாங்கள் ஒருநாளும் குறைவாக நினைப்பதில்லை. அங்கேயும் தைரியமாக "வக்காரிமசென்" சொல்லுங்கள், திரும்பக் கேளுங்கள்.

கொப்பியில் சொல்லுக்குப் பக்கத்தில் அர்த்தத்தை மட்டும் எழுதாதீர்கள். யார் கேட்டது, என்ன கேட்டது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். நாங்கள் இப்போது அப்படித்தான் படிக்கிறோம்.