பொய்யுரைத்த முள்

எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற அம்பாசடர் காரைச் சகோதரர் இருவரும் இன்றளவும் ஓட்டி வருகிறோம். உத்தரபாராவில் அதன் உற்பத்தி 2014-ஆம் ஆண்டில் நின்றுபோயினும், எங்களுக்கு அதைக் கைவிட மனமில்லை.

2023-ஆம் ஆண்டுத் தவக்காலத்தில் ஒரு பின்னிரவு. கிளைக் கிராமம் ஒன்றில் மரணத் தறுவாயிலிருந்த மூதாட்டிக்கு நோயில்பூசுதல் வழங்கப் பங்குத்தந்தையை அழைத்துச் சென்றோம். பெட்ரோல் மீட்டரின் முள் பாதியில் நின்றது. ஊருக்கு மூன்று கிலோமீட்டர் இருக்கையில் என்ஜின் இருமி அடங்கிற்று. தொட்டியில் துளியும் இல்லை. சுவாமியவர்கள் திருஎண்ணெய்ச் சிமிழுடன் இருளில் நடக்கத் தொடங்கினார். வழியில் பால் வண்டிக்காரர் ஒருவர் ஏற்றிச் சென்றார். மூதாட்டிக்கு உயிர் இருந்தது, நினைவு தப்பியிருந்தது. "அரைமணி முன்பு வந்திருந்தால் பாவசங்கீர்த்தனம் செய்திருப்பார்கள், சாமி" என்று அவருடைய மகள் சொன்னது இன்னும் எங்கள் செவியில் நிற்கிறது.

மறுநாளே பாட்டரி இணைப்பைக் கழற்றிவிட்டுத் தொட்டியை இறக்கினோம். உள்ளே இருப்பது எளிய அமைப்புத்தான்: ஒரு மிதவை, அதைத் தாங்கும் கம்பிக் கை, கை அசையும்போது மின்தடைச் சுருளின்மீது நகரும் தொடுமுனை. எங்கள் மிதவையின் கை துருவேறி நடுவில் இறுகிக் கிடந்தது. பல மாதங்களாக முள் மந்தமாயிருந்ததைக் கண்டும் காணாதிருந்தது எங்கள் குற்றமே.

கடைகளில் இதனை 'டேங்க் யூனிட்' என்பர். துளைகள் பொருந்தினால் போதாது. மீட்டருக்கு ஏற்ற மின்தடையும் இருக்கவேண்டும். தொட்டியை வெகுதூரம் அப்பால் வைத்துவிட்டு (பெட்ரோல் ஆவிக்கு ஒரு பொறி போதும்), பாட்டரியை இணைத்து, புதிய யூனிட்டை மீட்டர்க் கம்பியோடு சேர்த்து, அதன் உடலுக்கு எர்த் கொடுத்துக் கையை அசைத்தோம். முள் 'எஃப்' வரை எழுந்து 'ஈ' வரை இறங்கிற்று. பிறகு புதிய கார்க் கேஸ்கட் வைத்து முடுக்கினோம். எர்த் கம்பி சேருமிடத்தில் துருவைச் சுரண்டவும் மறக்கவில்லை. அங்கே தொடர்பு கெட்டால் மீட்டர் மீண்டும் பொய் சொல்லும்.

தொட்டியை மாட்டி, ஐந்தைந்து லிட்டராக ஊற்றி, முள் நின்ற இடங்களைக் குறித்தோம். முதல் ஐந்து லிட்டருக்கே முள் 'ஈ'யை விட்டுச் சற்று எழுந்தது. "உள்ளதை உள்ளபடி காட்டட்டும்" என்றார் எங்களுள் இளையவர். வாக்குவாதம் வளர்ந்தது. திண்ணையிலிருந்த அன்னையார், "அந்தப் பாட்டி வீடுவரை போகப் பெட்ரோல் மிச்சமிருக்கும்போதே காலி என்று காட்டட்டும், பிள்ளைகளா" என்றார்.

பெட்ரோலை வடித்து, யூனிட்டை மீண்டும் கழற்றி, மிதவைக் கம்பியை மேல்நோக்கி இம்மியளவு வளைத்தோம். இப்போது ஐந்து லிட்டர் இருக்கையிலேயே முள் 'ஈ'யில் அமர்ந்துவிடுகிறது. தொட்டி நிரம்பினாலும் 'எஃப்'பை முழுதும் தொடுவதில்லை, அது போகட்டும்.

பங்குத்தந்தை இப்போதெல்லாம் காரில் ஏறியதும் சிலுவை அடையாளம் வரைந்துகொண்டு, முள்ளையும் ஒருமுறை எட்டிப் பார்க்கிறார்.