எரிமலைக்குப் போகாத டீச்சர்

காலை எட்டு மணி. சாண்டோரினி தீவின் ஃபிரா நகரில், கடல் தெரியாத ஒரு சின்ன ஹோட்டலின் வரவேற்பறையில் 26 பேர் கூடியிருந்தார்கள். எல்லோர் கழுத்திலும் ஒரே நிற அடையாள அட்டை, கையில் தண்ணீர் பாட்டில், தலையில் தொப்பி. 30 வயதைத் தொடாத டூர் மேனேஜர், விரலை நீட்டி நீட்டித் தலைகளை எண்ணி முடித்தார்.

“இன்னிக்கு எரிமலை! படகுல இறங்கி மேல வரைக்கும் நடக்கணும். சரளைக்கல் பாதை. முட்டி வலி இருக்கறவங்க படகுலயே உட்கார்ந்துக்கலாம், இல்லன்னா ரூம்லயே ரெஸ்ட் எடுங்க. சாயங்காலம் நாலரைக்கு பஸ், ஓயா சன்செட். லேட்டானா பஸ் நிக்காது.”

‘முட்டி வலி’ என்றதும் பாதிப் பேர் தஞ்சாவூர் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள். மூன்று நாள் முன்பு ஏதென்ஸில் அக்ரோபோலிஸ் குன்றில் ஏறியபோது, இவருக்காகத்தான் மொத்தக் குழுவும் வெயிலில் 20 நிமிடம் நின்றது. யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால்கூட அவருக்கு அவ்வளவு உறுத்தியிருக்காது.

“நீ ரெஸ்ட் எடு. நான் போயிட்டு வந்துடறேன். போட்டோ எடுத்துட்டு வர்றேன்” என்றார் கணவர். கூட்டுறவு வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ரயில் டிக்கெட், காஸ் புக்கிங், பென்ஷன் லைஃப் சர்ட்டிஃபிகேட் என 38 வருடங்களாக வீட்டின் எல்லாக் காகிதங்களும் அவர் கையில்தான். இந்தக் கிரீஸ் பயணத்துக்குப் பணம் கட்டியதும், படிவம் நிரப்பியதும் அவரே.

டீச்சர் வழக்கம்போலத் தலையாட்டவில்லை.

“நான் ரூம்ல இருக்கல. அக்ரோதிரி போயிட்டு வர்றேன்.”

“அது நம்ம ப்ரோக்ராம்ல இல்லையே?”

“இல்ல. அதனாலதான் தனியா போறேன்.”

34 வருடங்கள் அரசுப் பள்ளியில் சமூக அறிவியல் எடுத்தவர் அவர். கிரேக்க நாகரிகம், ரோமானிய நாகரிகம் என்று கரும்பலகையில் தலைப்பு எழுதிப் பாடம் நடத்தியே கை தேய்ந்தவர். ஆனால், அக்ரோதிரி எந்தப் பாடத்திலும் வந்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு, போனில் ஏதோ ஒரு ஆவணப்படம் பார்க்கும்போதுதான் அந்தப் பெயரே தெரிந்தது. பயணத் திட்டத்தில் ‘சாண்டோரினி - 2 இரவுகள்’ என்று பார்த்ததும், அந்த இடமும் இருக்கும் என்று அவராகவே நினைத்துக்கொண்டார். எரிமலை இருந்தது. சன்செட் இருந்தது. ஷாப்பிங்குக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. அக்ரோதிரி இல்லை.

டூர் மேனேஜருக்கு முகம் வாடிவிட்டது. “ஆன்ட்டி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான்தான் பதில் சொல்லணும்.”

அந்தப் பயம் டீச்சருக்குப் புதிதில்லை. மகாபலிபுரத்துக்கும் கங்கைகொண்ட சோழபுரத்துக்கும் பிள்ளைகளைச் சுற்றுலா அழைத்துப்போனபோது, பஸ் ஏறும் முன் தலை எண்ணிக்கொண்டு நின்றது அவர்தானே! எண்ணிக்கை ஒன்று குறைந்தால் வயிற்றில் என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியும். ஹோட்டல் மேஜையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்து எழுதினார். போகும் இடம், போகும் பஸ், திரும்பும் நேரம் மதியம் இரண்டு மணி, தன் போன் எண். கீழே கையெழுத்தும் போட்டு நீட்டினார்.

“லீவ் லெட்டர் மாதிரி வெச்சுக்கோப்பா. ரெண்டு மணிக்கு வந்துட்டேன்னு உனக்கு மெசேஜ் வரும்.”

அந்தப் பையனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கணவருக்கு வரவில்லை. “உனக்கெதுக்கு இந்த வேலை?” என்று மட்டும் சொல்லிவிட்டுப் படகுக்குப் போகும் வேனில் ஏறிவிட்டார்.

ஃபிரா பேருந்து நிலையம் ஹோட்டலிலிருந்து நடக்கும் தூரம்தான். தீவின் பேருந்துகள் எல்லாம் அங்கிருந்துதான் கிளம்புகின்றன. தெற்கு முனையில் இருக்கும் அக்ரோதிரிக்குப் போக அரை மணி நேரத்துக்குள்தான் ஆகும். பஸ்ஸுக்குள்ளேயே கண்டக்டர் டிக்கெட் கொடுத்தார். ஜன்னலோர சீட். அதுவரை டூர் கோச்சின் உயரமான கண்ணாடி வழியாக மட்டுமே தீவைப் பார்த்தவருக்கு, இது நம்மூர் டவுன் பஸ் போலவே இருந்தது.

வழியில் அறுவடை முடிந்த திராட்சைத் தோட்டங்கள். பந்தல் இல்லை, கம்பி இல்லை. கொடியைத் தரையிலேயே வட்டமாகச் சுருட்டி, கூடை மாதிரி பின்னிவிட்டிருந்தார்கள். தீவில் அடிக்கும் காற்றுக்குப் பந்தல் நிற்காது. அதனால் பழங்கள் அந்தக் கூடைக்குள் ஒளிந்துகொண்டு வளர்கின்றன. மழை குறைவான மண்ணில், கடலிலிருந்து வரும் ஈரம்தான் கொடிகளுக்குக் கைகொடுக்கிறது. முதல் நாள் இதே தீவைச் சுற்றியபோது இது எதுவும் அவர் கண்ணில் படவில்லை. அப்போது கோச்சில் அந்தாக்ஷரி நடந்துகொண்டிருந்தது.

அக்ரோதிரியில் இறங்கினால், வெளியிலிருந்து பார்க்க ஒரு பெரிய கொட்டகைதான். உள்ளே போனதும் டீச்சர் நின்றுவிட்டார். கூரைக்குக் கீழே ஒரு ஊர் இருந்தது.

சுமார் 3,600 ஆண்டுகளுக்கு முன்பு வெடித்த எரிமலை, இந்தத் தீவின் நடுப்பகுதியையே கடலுக்குள் இறக்கியது. செங்குத்தான பாறை விளிம்பும், அதன் மேல் வெள்ளை வீடுகளுமாக இன்று எல்லோரும் படம் எடுக்கும் சாண்டோரினியின் அழகு அந்த வெடிப்பால் வந்ததுதான். அன்று கொட்டிய சாம்பலும் நுரைக்கல்லும் அக்ரோதிரியை மூடிவிட்டன. 1967-ல் ஸ்பிரிடான் மரினாடோஸ் என்ற கிரேக்கத் தொல்லியலாளர் முறையாகத் தோண்டத் தொடங்கினார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் ஊரின் ஒரு சிறு பகுதிதான் வெளியே வந்திருக்கிறது.

மரப்பலகை நடைபாதை. படி ஏறி இறங்கும் தொல்லை அதிகம் இல்லை. முட்டி பிழைத்தது. இரண்டு, மூன்று மாடி வீடுகள். கல் பாவிய தெரு. ஆளுயரத்துக்குப் பக்கமாக வரும் மண் குதிர்கள். மாடியில் இருந்த கழிப்பறையிலிருந்து சுவருக்குள் குழாய் இறங்கி, தெருவுக்கு அடியில் ஓடும் சாக்கடையில் சேர்கிறது. மொகஞ்சதாரோவின் வடிகால் படத்தை வருடா வருடம் கரும்பலகையில் வரைந்தவர், அந்தக் குழாயின் முன் வெகுநேரம் நின்றார். “அடுத்து போகலாமா?” என்று கேட்க யாரும் இல்லை.

அவரை அசைத்தது வேறொரு விஷயம். இத்தாலியின் பொம்பெய்யில் எரிமலையில் சிக்கி இறந்தவர்களின் உடல் வடிவங்கள் கிடைத்தன அல்லவா? அப்படி மடிந்தவர்கள் யாரும் இந்த ஊரின் இடிபாடுகளில் கிடைக்கவில்லை. முதலில் நிலம் அதிர்ந்திருக்கிறது. வீடுகள் இடிந்திருக்கின்றன. மக்கள் திரும்பி வந்து இடிபாடுகளை அள்ளி, பழுது பார்க்கவும் தொடங்கியிருக்கிறார்கள். பிறகு மறுபடியும் ஏதோ எச்சரிக்கை. நகைநட்டுகளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்கள். கட்டில்களும் குதிர்களும் அப்படியே கிடந்தன. மக்கிப்போன மரம் விட்டுச் சென்ற பள்ளத்தில் பிளாஸ்டர் ஊற்றித்தான் அந்தக் கட்டில்களின் உருவத்தை மீட்டிருக்கிறார்கள்.

வெளியே வந்ததும் பசித்தது. பக்கத்தில் ஒரு சின்ன உணவகம். சைவம் என்று சொல்லிக் கேட்டதும், ‘ஃபாவா’ என்று ஒரு தட்டு வந்தது. மஞ்சள் நிறத்தில், மையக் கடைந்த பருப்பு. மேலே ஆலிவ் எண்ணெய், நறுக்கிய வெங்காயம், எலுமிச்சை. நம் வீட்டுக் கடைந்த பருப்பேதான், காரம் மட்டும் இல்லை. இந்தத் தீவின் பருப்பு இது. அக்ரோதிரியின் ஜாடிகளிலும் இதே பருப்பு கிடைத்திருக்கிறது. ஐந்து நாளாக டூர் சாப்பாட்டில் வந்த பனீர் பட்டர் மசாலாவைச் சாப்பிட்டுச் சலித்த நாக்குக்கு, அது அமிர்தமாக இருந்தது.

பரிமாறிய பெண்மணிக்கும் டீச்சர் வயதுதான் இருக்கும். இருவருக்கும் தெரிந்த ஆங்கிலம் ஏறக்குறைய ஒரே அளவு. அதனால் பேச்சு நன்றாகவே ஓடியது. 2025 பிப்ரவரியில் இங்கே நாள் கணக்கில் நிலம் அதிர்ந்துகொண்டே இருந்ததையும், 11,000-க்கும் அதிகமானோர் கப்பலிலும் விமானத்திலும் தீவை விட்டு வெளியேறியதையும் டீச்சர் செய்தியில் பார்த்திருந்தார். தீவின் மக்கள்தொகையே சுமார் 15,500 தான்.

“நீங்களும் போனீங்களா?”

போனாராம். ஏதென்ஸில் இருக்கும் மகள் வீட்டுக்கு.

“என்ன எடுத்துட்டுப் போனீங்க?”

அந்தப் பெண்மணி ஒரு பையின் அளவைக் கையால் காட்டினார். காகிதங்கள், மாத்திரைகள், அம்மாவின் போட்டோ. அவ்வளவுதான். 1956-ல் இதே தீவில் நிலநடுக்கம் வந்து 50-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தபோது அந்த அம்மா சின்னப் பெண்ணாம். ‘தரை பேச ஆரம்பித்தால் வாதம் செய்யாதே, கிளம்பு’ என்று சொல்லிக்கொண்டே இருப்பாராம்.

சொன்னபடி இரண்டு மணிக்கு டீச்சர் ஹோட்டலில் இருந்தார். ‘வந்துட்டேன்’ என்ற மெசேஜுக்கு டூர் மேனேஜர் மூன்று கும்பிடு போட்டு அனுப்பினார். அரை மணி கழித்து, சட்டை முழுக்கக் கறுப்புத் தூசியுடன் கணவர் வந்தார். “மேல போனா பாறையிலேர்ந்து புகை வருது. பட்டாசு வெடிச்ச மாதிரி வாசனை. நீ வந்திருந்தா கஷ்டம்தான்” என்றார். அப்புறம் கொஞ்சம் தயங்கி, “பஸ்ல எடம் கெடச்சுதா?” என்று கேட்டார்.

சாயங்காலம் ஓயா. எழுத்தில் அப்படி இருந்தாலும், ஊர்க்காரர்கள் ‘ஈயா’ என்றுதான் சொல்கிறார்கள். ஆண்டுக்கு 30 லட்சம் பேருக்கு மேல் வந்துபோகும் தீவில், சாயங்காலம் எல்லோரும் அந்த ஒரே சந்துக்குள்தான் இருக்கிறார்களோ என்று தோன்றியது. கோட்டை இடிபாட்டின் மேல் இடம் பிடிக்க இரண்டு மணி நேரம் முன்பே ஆட்கள் உட்கார்ந்துவிட்டார்கள். தஞ்சாவூர் தம்பதிக்குக் கிடைத்தது ஒரு வீட்டுச் சுவரோரம். முன்னால் நூறு தலைகள், நூறு போன்கள். சூரியன் கடலில் இறங்கியதும் எல்லோரும் கை தட்டினார்கள். இவர்களும் தட்டினார்கள். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

கூட்டம் கலையும்போது, கணவர் கேட்டார்: “காலைல என்னதான் பார்த்த?”

பஸ் வரும்வரை டீச்சர் சொன்னார். பஸ்ஸிலும் சொன்னார். நிலநடுக்கம், குழாய், கட்டில், கடைந்த பருப்பு. முன் சீட்டில் இருந்த திருப்பூர் தம்பதியும் திரும்பி உட்கார்ந்து கேட்டார்கள். முடிவில் டீச்சர் சொன்னார்: “அங்கே சுவர்ல இருந்த ஓவியங்கள் பலதை ஏதென்ஸுக்குக் கொண்டுபோயிட்டாங்க. ஆனா, நீலக் குரங்குகள் இங்க ஃபிரா மியூசியத்துலயே இருக்கு. நம்ம ஹோட்டல்லேர்ந்து நடந்தே போகலாம்.”

மறுநாள் காலை, ஷாப்பிங்குக்காகக் கொடுத்த நேரத்தில், அடையாள அட்டை மாட்டிய எட்டுப் பேர் அந்த அருங்காட்சியகத்துக்குள் நுழைந்தார்கள். டிக்கெட் வரிசையில் கணவர் முன்னே போய் நின்றார். பிறகு, “நீயே வாங்கு. உனக்குத்தான் தெரியும்” என்று ஒதுங்கிக்கொண்டார்.

பாறைகளின் மேல் தாவி ஏறும் நீலக் குரங்குகள். இந்தத் தீவில் குரங்கே கிடையாது. பின் எதைப் பார்த்து வரைந்தார்கள்? ஆப்பிரிக்கக் குரங்குகள் என்றுதான் முன்பு சொன்னார்கள். சில ஆண்டுகளுக்கு முன்பு, குரங்கு ஆய்வாளர்களும் சேர்ந்து செய்த ஆய்வு ஒன்று, வாலை மேலே தூக்கி வளைத்திருக்கும் விதத்தை வைத்து, சுவரில் இருப்பது இந்தியத் துணைக்கண்டத்தின் சாம்பல் நிற அனுமன் குரங்கு என்றது. எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. ஆனால் சுவர் முன் நின்ற எட்டுப் பேருக்கும் சந்தேகமே இல்லை. “இது நம்ம ஊர் வால்தான்” என்று திருப்பூர்க்காரர் தீர்ப்பே சொல்லிவிட்டார்.

இன்னொரு கண்ணாடிப் பெட்டியில், உள்ளங்கைக்குள் அடங்கும் ஒரு தங்க ஆடு. 1999-ல் அக்ரோதிரியில் கிடைத்தது. எல்லாத் தங்கத்தையும் எடுத்துக்கொண்டு போனவர்கள், இதை மட்டும் ஏன் விட்டார்கள் என்று டீச்சர் யோசித்துக்கொண்டே நின்றார். கணவர் பக்கத்தில் வந்து நின்றார். “அவசரத்துல மறந்திருப்பாங்க. நீ கேஸ ஆஃப் பண்ணியான்னு பாதி வழியில கேப்பியே, அந்த மாதிரி” என்றார்.

ஏதென்ஸுக்குத் திரும்பும் கப்பலில் டூர் மேனேஜர் கருத்துப் படிவங்களைக் கொடுத்தார். வழக்கம்போல இருவருக்குமானதையும் கணவரே நிரப்ப ஆரம்பித்தார். பெயர், ஊர், உணவு எப்படி, ஹோட்டல் எப்படி. ‘உங்களுக்கு மிகவும் பிடித்த இடம்’ என்ற கட்டத்துக்கு வந்ததும் பேனா நின்றது.

“அந்த ஊர் பேர் என்ன சொன்ன? எழுத்துக் கூட்டிச் சொல்லு.”

டீச்சர் சொன்னார், ஒவ்வோர் எழுத்தாக. அவர் எழுதினார். அடுத்த படிவத்தை எடுத்து, பேனாவுடன் சேர்த்து மனைவி பக்கம் நகர்த்தினார்.

“உன்னோடத நீயே எழுது.”