சுவரில் தொங்கிய சான்றிதழ்

என் சித்தி மகள் டொரண்டோவிலிருந்து வந்து இறங்கிய மறுநாள், மயிலாப்பூரில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டாள். "அக்கா, பத்து வாரத்துக்கு இது என்னோடது. நீங்க தட்டை மடியில வெச்சுச் சாப்பிடுங்க" என்றாள். அவள் பெட்டியில் துணிமணியைவிடப் புத்தகங்களே அதிகம். கூடவே ரப்பர் பேண்ட் போட்ட சின்னச் சின்ன அட்டைகள், கட்டுக் கட்டாக. நாற்பத்தொரு வயதில் அவள் பரீட்சைக்குப் படிக்க வந்திருந்தாள்.

2006இல் சென்னையில் பி.ஃபார்ம் முடித்தவள். கணவரின் வேலைக்காகக் கனடா போய் ஆறு வருடம் ஆகிறது. அங்கே ஒரு மருந்துக்கடையில் உதவியாளராக இருக்கிறாள். மாத்திரை எண்ணலாம், லேபிள் ஒட்டலாம், ஃபோன் எடுக்கலாம். "இந்த மருந்தை இப்படிச் சாப்பிடுங்கள்" என்று மட்டும் சொல்லக் கூடாது. அதைச் சொல்ல உரிமம் வேண்டும்.

வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அந்த உரிமத்துக்கான பாதை நீளமானது. கனடாவின் மருந்தாளுநர் தேர்வு வாரியம் 1963இல் நாடாளுமன்றச் சட்டத்தின் மூலம் உருவானது. முதலில் அது நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்க்கும். அடுத்து மதிப்பீட்டுத் தேர்வு. அதில் தேறியவர்களுக்குத் தகுதித் தேர்வு, இரண்டு பகுதிகளாக. ஒன்றில் விடைகளைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மற்றொன்றில் நோயாளியாக நடிக்கும் ஒருவரிடம் பேசிக் காட்ட வேண்டும். இவ்வளவும் முடிந்த பிறகு மாகாணம் கேட்கும் சட்டத் தேர்வு, மேற்பார்வையில் பயிற்சி. அமெரிக்காவுக்குப் போனவர்களின் நிலை இதைவிடக் கஷ்டம். 2003க்குப் பிறகு பட்டம் பெற்றவர்களிடம் அங்கே ஐந்தாண்டுப் படிப்பைக் கேட்கிறார்கள். நம் பி.ஃபார்ம் நான்காண்டுதான். ஆகவே தேர்வு எழுதவே வழியில்லை.

இவள் மதிப்பீட்டுத் தேர்வில் முதல் முறை தோற்று, இரண்டாம் முறை தேறியிருந்தாள். இப்போது தகுதித் தேர்வு. அங்கே இருந்தால் வேலை, சமையல், இரண்டு பிள்ளைகளின் பள்ளிக்கூடம் எல்லாம் முடிந்து இரவு பத்தரைக்குத்தான் புத்தகத்தைத் திறக்க முடியும். அதனால் பிள்ளைகளைக் கணவரிடம் விட்டுவிட்டு வந்தாள்.

செய்தி பரவ இரண்டு நாள்கூட ஆகவில்லை. பெரியம்மா ஃபோனில் கேட்டார்: "பிள்ளைங்கள விட்டுட்டு அப்படி என்னடி பரீட்சை?" இன்னொரு உறவுக்காரருக்குச் சந்தேகம், அங்கே ஏதாவது பிரச்சினையோ என்று. திருவல்லிக்கேணி மேன்ஷன்களில் ஒரு கட்டில், ஒரு கொடிக்கயிறு என்று வருடக்கணக்காகத் தங்கி ஆண்கள் தேர்வுக்குப் படிக்கிறார்கள். அதைத் தவம் என்கிறோம். பத்து வாரம் படிக்க வந்தவளிடம் "வீட்ல சண்டையா?" என்கிறோம்.

அவள் யாருக்கும் பதில் சொல்லவில்லை. காலை ஐந்தரைக்கு எழுந்து உட்காருவாள். டொரண்டோவில் அப்போது இரவு எட்டு. வீடியோவில் சின்னவனுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, தன் கணக்கைத் தொடங்குவாள். பகலில் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகம். சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கும் பகுதியில் எல்லாம் இருபது, இருபத்திரண்டு வயதுப் பிள்ளைகள். ஒரு பெண் நட்பாகக் கேட்டாளாம்: "ஆன்ட்டி, உங்க பையன் எங்க உக்காந்து படிக்கிறான்?" அன்று இரவு அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தாள். பிறகு கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.

அவளுடைய அட்டைகளை ஒருநாள் புரட்டினேன். ஒரு பக்கம் நாம் சொல்லும் பெயர், மறுபக்கம் அவர்கள் சொல்லும் பெயர். நம் பாராசிட்டமால் அங்கே அசிட்டமினோஃபென். அட்ரினலின் எபிநெஃப்ரின். பெத்திடின் மெபெரிடின். "பேர்தான் வேற அக்கா. உள்ள இருக்கிறது ஒண்ணுதான்" என்றாள்.

மருந்துக்கு அது ஓர் அட்டையோடு முடிந்துவிடுகிறது. அவளுக்கு முடியவில்லை. சில வருடங்களுக்கு முன் சான்றுகளைச் சரிபார்க்க அனுப்பிய சமயத்தில் நானும் அவளோடு அலைந்தேன். மதிப்பெண் பட்டியலிலும் பட்டத்திலும் அப்பாவின் பெயர் ஓர் எழுத்தாக முன்னால் நிற்கிறது. பாஸ்போர்ட்டில் கணவரின் பெயர் முழுதாகப் பின்னால் நிற்கிறது. இரண்டும் ஒரே ஆள் என்று அங்கே உள்ளவர்களுக்கு எப்படித் தெரியும்? தி.நகரில் ஒரு மாடிப்படிக்குக் கீழே உட்கார்ந்திருந்த தட்டச்சர், "மேற்படி இருவரும் ஒருவரே" என்று முத்திரைத்தாளில் அடித்துக் கொடுத்தார். அடித்துவிட்டு, "சார் வரலீங்களா?" என்று கேட்டார். சார் எதற்கு? தான் தான்தான் என்று சொல்ல வந்தவள் எதிரே உட்கார்ந்திருக்கிறாள். ஆனால் அவள் பெயரின் முன்னாலும் பின்னாலும் ஆண்கள் இருக்கும்போது அவர் கேட்டதையும் முழுக்கத் தப்பென்று சொல்ல முடியவில்லை.

அன்று திரும்பும் வழியில், ஒரு சந்தில் இருந்த மெடிக்கல் ஷாப்புக்கு எதிரே நின்றாள். "இங்கதான் அக்கா நான் மூணு வருஷம் வேலை பார்த்தேன்" என்றாள். எனக்குப் புரியவில்லை. திருமணமான பிறகு அவள் எந்த வேலைக்கும் போகவில்லை என்றுதான் எனக்குத் தெரியும்.

அவள் போகவில்லை. அவள் சான்றிதழ் போயிருக்கிறது. மாமனாருக்குத் தெரிந்தவர் கடை திறந்தார். பதிவுபெற்ற மருந்தாளுநர் இல்லாமல் உரிமம் கிடைக்காது. சட்டம் போட்ட சுவரில் இவள் சான்றிதழ் தொங்கியது. மாதாமாதம் பணம் மாமனார் கைக்கு வந்தது. கல்லாவுக்கு முன்னால் நின்று மருந்து எடுத்துக் கொடுத்தது பத்தாவது படித்த ஒரு பையன். 1948ஆம் ஆண்டின் மருந்தகச் சட்டம், 42ஆம் பிரிவு, மருத்துவர் சீட்டுக்குப் பதிவுபெற்ற மருந்தாளுநரைத் தவிர வேறு யாரும் மருந்து கொடுக்கக் கூடாது என்கிறது. அது அவளுக்குத் தெரியும். கல்லூரியில் படித்து மதிப்பெண் வாங்கிய பாடம். "கையெழுத்துப் போடச் சொன்னாங்க, போட்டேன். கல்யாணமாகி ரெண்டு மாசம்கூட ஆகல" என்றாள்.

இந்த முறை வந்தபோது தன்விவரக் குறிப்பைப் புதிதாக எழுதிக்கொண்டிருந்தாள். அனுபவம் என்ற இடத்தில் பெரிய வெற்றிடம். நான்தான் சொன்னேன்: "அந்த மூணு வருஷத்த எழுதேண்டி. பேப்பர்ல இருக்குல்ல? யார் வந்து கேக்கப் போறா?" இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. அவளுக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் பேனாவை மூடி வைத்தாள். "அக்கா, அந்த மூணு வருஷத்துல யாருக்காவது தப்பான மாத்திரை போயிருந்தா, அது என் பேர்லதான் போயிருக்கும். யாருக்குப் போச்சோ, எனக்குத் தெரியாது. அத அனுபவம்னு எப்படி எழுதுவேன்?"

அந்த இடம் வெற்றிடமாகவே இருந்தது.

பெண்கல்வி பற்றிய வகுப்பில் மேரி ஷார்லீப்பைப் பற்றி நான் சொல்வதுண்டு. 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொண்டபோது உள்ளே போன நால்வரில் ஒருவர். மூன்றாண்டு படித்து உரிமம் பெற்றார். அந்தச் சென்னை உரிமத்தோடு லண்டன் போனவர், அங்கே மறுபடியும் மாணவியாகச் சேர்ந்து, 1882இல்தான் பட்டம் வாங்கினார். திரும்பி வந்து 1885இல் அவர் தொடங்கிய மருத்துவமனைதான் இன்று திருவல்லிக்கேணியில் உள்ள கஸ்தூர்பா காந்தி மருத்துவமனை. ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், வழக்கறிஞரின் மனைவி. அவருக்கே கற்றதை இரண்டாம் முறை நிரூபிக்க வேண்டியிருந்தது. வகுப்பில் இதை வெற்றிக் கதையாக மட்டுமே சொல்லிவந்தேன். இரண்டாம் முறை படித்த அந்த வருடங்களில் அவருக்கு மேசையை யார் விட்டுக்கொடுத்தார்கள் என்று நான் கேட்டதே இல்லை.

தேர்வே அநியாயம் என்று நான் சொல்லவில்லை. தவறான அளவு மருந்து உயிரை எடுக்கும். புதிய ஊரின் சட்டமும் வழக்கமும் தெரிய வேண்டும். அநியாயம் தேர்வுக்கு முன்னால் இருக்கிறது. இருபத்திரண்டு வயதில் கற்றதைப் பதினைந்து வருடம் பூட்டி வைத்தது கனடா இல்லை. நாம்தான்.

கடைசி மூன்று வாரம் நான் நோயாளி ஆனேன். இரண்டாம் பகுதித் தேர்வுக்குப் பயிற்சி. ஒவ்வொரு நோயாளிக்கும் சில நிமிடம்தான். அதற்குள் வணக்கம் சொல்லி, கேட்டு, ஆபத்தைக் கண்டுபிடித்து, புரிகிற மொழியில் விளக்க வேண்டும். நான் முழங்கால் வலிக்கு இபுப்ரோஃபென் கேட்டு வருவேன். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுவதை மறைத்து வைத்திருப்பேன். கேட்டால்தான் சொல்ல வேண்டும். அவள் கேட்டுவிட வேண்டும்; இரண்டும் சேர்ந்தால் ரத்தக்கசிவு வரலாம். ஆங்கிலத்தில் கேட்கத் தடுமாறினாள். "தமிழ்ல கேளு, அப்புறம் மாத்திக்கலாம்" என்றேன்.

தமிழில் கேட்டாள்: "தினமும் வேற என்ன மாத்திரை போடுறீங்கம்மா?"

எனக்குக் கொடுத்த பாத்திரத்தை மறந்து உண்மையைச் சொன்னேன். தைராய்டு மாத்திரை, கால்சியம்.

"எப்ப போடுறீங்க?"

"காலையில. ரெண்டையும் சேர்த்து. உடனே காபி."

அட்டையைக் கீழே வைத்தாள். "அக்கா, நிஜமாவா? எத்தனை வருஷமா?"

ஆறு வருடமாக. தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட வேண்டும், காபிக்கு அரைமணி நேரமாவது பொறுக்க வேண்டும், கால்சியமும் இரும்புச்சத்து மாத்திரையும் நான்கு மணி நேரம் தள்ளித்தான் போக வேண்டும், இல்லாவிட்டால் மருந்து உடம்பில் சரியாகச் சேராது என்றாள். ஆறு வருடத்தில் என் மருந்தின் அளவு இரண்டு முறை கூடியிருந்தது. மாதாமாதம் ஒரே கடையில் வாங்குகிறேன். முனைவர் பட்டம் வாங்கியவள் நான். யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. நோயாளிக்கு விளக்கிச் சொல்வது மருந்தாளுநரின் வேலை என்று 2015ஆம் ஆண்டின் மருந்தகப் பணி விதிமுறைகள் இங்கேயும் சொல்கின்றன. கல்லாவுக்குப் பின்னால் அந்த ஆள் நின்றால்தானே சொல்ல முடியும்? எத்தனை கடைகளில், சொல்லத் தெரிந்தவள் வீட்டில் இருக்கிறாளோ, அவள் பெயர் சட்டத்துக்குள் தொங்குகிறதோ.

தானாக எதையும் மாற்ற வேண்டாம், மருத்துவரிடம் சொல்லி ரத்தப் பரிசோதனை செய்துகொண்டு அவர் சொல்கிறபடி செய்யுங்கள் என்று அவள் அடித்துச் சொன்னாள். அப்படியே செய்தேன். அடையாறில் என் மருத்துவர் சிரித்துக்கொண்டே, "யார் கேட்டுக் கண்டுபிடிச்சாங்க?" என்றார். "என் தங்கை. மருந்தாளுநர்" என்றேன். அவள் பெயரோடு அந்தச் சொல்லை நான் சேர்த்துச் சொன்னது அதுவே முதல் முறை.

அவள் போய்த் தேர்வு எழுதினாள். முதல் பகுதியில் தேறிவிட்டாள். இரண்டாம் பகுதியில் தேறவில்லை. மறுபடி எழுத விண்ணப்பித்திருக்கிறாள். பெரியம்மாவிடம் நான்தான் சொன்னேன், "அப்ப மறுபடியும் வருவாளா?" என்றார். "வருவா பெரியம்மா. மேசை அங்கேயேதான் இருக்கு" என்றேன்.

நேற்று இரவு கூப்பிட்டாள். ஆங்கிலத்தில் சரளமாகத் தன்னை அறிமுகம் செய்துகொண்டு, என் பெயரையும் வயதையும் கேட்டுவிட்டு, கடைசியில் தமிழுக்கு வந்தாள்: "கால்சியத்த ராத்திரிக்கு மாத்திட்டீங்களாம்மா?"

மாத்திட்டேன் என்றேன்.