பாட்டி விட்டுச் சென்ற மூன்று காசுகள்

எங்கள் பாட்டி பால்மரம் வெட்டிக் குடும்பத்தைக் காத்தவர். அவர் மறைந்து பதினாறாம் நாள் சடங்கு முடிந்தபின், அரிசிப் பானையின் அடியிலிருந்து பெரிய அத்தை ஒரு பழைய பால்மாவு டின்னை எடுத்து வந்தார். அதனுள் வெள்ளைத் துணியில் முடிந்த இரண்டு பவுன் காசுகள் இருந்தன. மற்றொரு காசு சிவப்பு நூல் சுற்றிய பொட்டலத்தில் தனியே இருந்தது. பிள்ளைகள் மூவர், காசுகளும் மூன்று. பாட்டி கணக்காகவே வைத்துச் சென்றிருக்கிறார் என்று பெரியவர்கள் கண் கலங்கினர்.

பேரப்பிள்ளைகளாகிய நாங்கள் அவற்றைக் கைக்குக் கை மாற்றிப் பார்த்தோம். மூன்றிலும் குதிரைவீரன் ஒருவன் பறவை நாகத்தை வதைக்கும் காட்சி. ஆயினும், நூல் சுற்றிய காசு மட்டும் கனமில்லை என்றான் எங்கள் கடைசித் தம்பி. அதட்டி அவன் வாயை அடக்கினார்கள். இருந்தும், மறுநாளே அப்பாவும் அத்தைமார் இருவரும் பட்டணத்துப் பொற்கொல்லரிடம் புறப்பட்டனர். நாங்களும் உடன் சென்றோம்.

அம்முதியவர் பொறுமையாக விளக்கினார். அந்த வீரன் புனித ஜார்ஜ். பிஸ்துருச்சி என்னும் இத்தாலியர் செதுக்கிய அவ்வுருவம் 1817 முதல் இங்கிலாந்தின் சாவரின் காசில் இடம்பெற்றது. அப்பெயரே நம்மவர் நாவில் சவரன் ஆயிற்று. காசின் எடை 7.98 கிராம், தரம் 22 காரட், அதாவது கடைகளில் 916 என முத்திரையிடும் அதே தரம். அதிலுள்ள சுத்தத் தங்கம் 7.32 கிராம். அன்றைய சுத்தத் தங்க விலையை இதனால் பெருக்கினால் வருவதே அதன் அடிப்படை மதிப்பு. மாணவர்களே, இந்தப் பெருக்கலைச் செய்யத் தெரியாமல் ஏமாந்தவர் நம் தோட்டங்களில் எத்தனை பேரோ!

முதற்காசில் முக்காடிட்ட விக்டோரியா மகாராணி, ஆண்டு 1896. ஆண்டுக்கு மேலே, தரைக்கோட்டில், மெல்போர்னில் அச்சிட்டதைக் குறிக்கும் 'எம்' என்ற சிற்றெழுத்து. இரண்டாவதில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னர், ஆண்டு 1918, எழுத்து 'ஐ'. பம்பாயில் அந்த ஓராண்டு மட்டுமே சாவரின் அச்சிட்டார்களாம். நாணயம் சேர்ப்போர் அதற்குச் சற்றுக் கூடுதலாகத் தருவதுண்டு. "சங்கிலியில் கோக்க வளையம் மட்டும் பற்றவைத்துவிடாதீர்கள், அம்மா. பிறகு தங்கத்தின் விலைதான் மிஞ்சும்" என்றார்.

மூன்றாவது காசைத் தராசில் இட்டார். அது நான்கு கிராமைக்கூட எட்டவில்லை. அரைப் பவுனின் எடை 3.99 கிராம்தான், ஆனால் அதன் அகலம் 19 மில்லிமீட்டர். எங்கள் காசோ முழுப் பவுனுக்குரிய 22 மில்லிமீட்டர் இருந்தது. விளிம்பின் கோடுகள் சீராக இல்லை. மன்னரின் தாடியும் மழுங்கியிருந்தது. முலாம் பூசிய பித்தளை.

எவரும் பேசவில்லை. பெரிய அத்தைதான் மெல்லச் சொன்னார்: "அம்மாவுக்குத் தெரிந்திருக்கிறது. அதனால்தான் தனியே நூல் சுற்றி வைத்திருக்கிறார்." முன்னொரு காலத்தில் லயத்துக்கு வந்த வியாபாரி ஒருவரிடம், பல மாதச் சம்பளத்தைச் சேர்த்துப் பாட்டி வாங்கிய காசு அது. ஏமாந்ததை அவர் இறுதிவரை எங்களிடம் சொல்லவேயில்லை.

இரண்டையும் விற்று மூன்றாகப் பங்கிடலாம் என்றார் சின்ன அத்தை. நியாயமான யோசனைதான். அப்பா இசையவில்லை. "பவுனை நீங்கள் இருவரும் எடுத்துக்கொள்ளுங்கள், அக்கா. அம்மா ஏமாந்த காசு எனக்கு இருக்கட்டும்" என்றார். வீடு திரும்பும்வரை பேருந்தில் அத்தைமார் அவருடன் பேசவில்லை.

பித்தளைக் காசு இன்றும் எங்கள் வீட்டில் அதே டின்னில் இருக்கிறது. தீபாவளிக்கு வரும்போதெல்லாம் பெரிய அத்தை அதைக் கேட்டு வாங்கி, நூலைப் பிரித்துப் பார்த்துவிட்டு, மீண்டும் தம் கையாலேயே சுற்றி வைக்கிறார். அவருடைய பம்பாய்ப் பவுனுக்கு இதுவரை வளையம் வைக்கவில்லை.