நெல்லா, புல்லா? இலையைப் பிரித்தால் தெரியும்!

திருவாரூரிலிருந்து கொரடாச்சேரி வழியாக நீடாமங்கலம் போகும் சாலை. புரட்டாசியில் இரு பக்கமும் ஒரே பச்சை. பஸ் ஜன்னல் வழியே பார்ப்பவருக்கு எல்லாமே நெல்தான். வரப்பில் இறங்கி நிற்பவருக்குத்தான், நெல்லோடு நெல்லாகப் புல்லும் நிற்பது தெரியும்.

மேட்டூர் அணை திறக்க வேண்டிய நாள் ஜூன் 12. அது தள்ளிப்போகும் ஆண்டுகளில், கடைமடை விவசாயிகள் பலர் நாற்றங்காலுக்குக் காத்திருக்காமல் சம்பாவைப் புழுதியில் விதைத்துவிடுகிறார்கள். நடவு வயலில் நாற்று முந்திக்கொள்ளும். தேங்கும் தண்ணீரும் களையை அமுக்கும். புழுதி விதைப்பிலோ நெல்லும் குதிரைவாலிப் புல்லும் ஒரே மழையில் சேர்ந்து முளைக்கின்றன. இருபது நாளில் இரண்டும் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். தப்பாகப் பிடுங்கினால் கூலியும் போச்சு, பயிரும் போச்சு.

விரல் சோதனை

களையெடுப்பில் பழகிய பெண்கள் உயரத்தைப் பார்ப்பதில்லை. இலை தண்டோடு சேரும் இடத்தைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நெல்லில் அந்த இடத்தில் நாக்கு போல வெள்ளைச் சவ்வு நிற்கும். இரு பக்கமும் ரோமத்தோடு சிறு கொக்கிகள் இருக்கும். குதிரைவாலியில் சவ்வும் இல்லை, கொக்கியும் இல்லை. வெறும் வழவழப்புதான்.

புல்லிலும் இரண்டு

சிறியது எக்கினோகுளோவா கோலோனா. தரையோடு படர்ந்து எழும். பல செடிகளில் இலையின் குறுக்கே ஊதாப் பட்டை தெரியும். கதிர்க் கிளைகள் குட்டையாகத் தண்டை ஒட்டியிருக்கும்; மணியில் மீசை கிடையாது. நாம் சமைக்கும் குதிரைவாலி அரிசி, இந்தப் புல்லின் வழியில் மனிதர் தேர்ந்து வளர்த்த பயிர்தான்.

பெரியது எக்கினோகுளோவா குருஸ்கல்லி. நெல்லையே மிஞ்சி நிமிர்ந்து வளரும். கதிர் பருத்துச் சாயும். பெரும்பாலும் மணியில் மீசை இருக்கும்.

இரண்டுமே நெல் அறுவடைக்கு முன்பே விதையை உதிர்த்துவிடும். ஒரு செடியிலேயே ஆயிரக்கணக்கில் விதை. ஆகவே கதிரைப் பார்த்து இனம் காண்பது அடுத்த ஆண்டுக்கான பாடம்; இந்த ஆண்டுக்கு இலைதான் உதவும்.

வாய்க்காலில் வந்தேறி

வாய்க்கால் ஓரம் அடர்ந்து கிடக்கும் எருமைப்புல் வேறு கதை. ஆப்பிரிக்காவிலிருந்து தீவனத்துக்காகக் கொண்டுவரப்பட்டது. தண்டு தண்ணீர் மேல் படரும். கணுவில் ரோமம் அடர்ந்திருக்கும். கணுவுக்குக் கணு வேர்விடும். மாட்டுக்கு நல்ல தீனி. ஆனால் அறுத்த துண்டு வாய்க்காலில் விழுந்தால், போய் ஒதுங்கும் இடத்தில் முளைத்துத் தண்ணீரை மறிக்கும். அறுத்ததை மேட்டில் போடுவதே நல்லது.

எந்தப் புல் என்பதைப் பொறுத்துக் களைக்கொல்லியும் மாறும். சந்தேகம் வந்தால், ஒரு செடியை வேரோடு பிடுங்கி, நீடாமங்கலம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிக் கேட்டுக்கொள்ளலாம். மருந்துக்கடைக்குப் போவது அதன் பிறகுதான்.